இன்ஹேலரைக் கண்டு பயம், ஊசியைக் கண்டு துணிச்சல்: ஸ்டெரொயிட் பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பாமசியில் பதினோரு வருடமாக நிற்கிறேன். போன வருடம் ஜூலையில், மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், அரை மணி நேரத்துக்குள் இரண்டு பேர் என் முன்னால் வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவர் தோட்டத்து அக்கா ஒருவர். ஆறு வயது மகனுடைய பழுப்பு நிற இன்ஹேலரைப் பொலித்தீன் பையில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இதுல ஸ்டெரொயிட் இருக்காம்ல. பக்கத்துக் காம்பரா புள்ள போன்ல பாத்துச் சொல்லுச்சு. கிட்னியெல்லாம் போயிருமாம். நமக்கு இது வேணாங்க, நீலக் கலரு மட்டும் குடுங்க" என்றார். அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. பேச்சை நிறுத்திவிட்டு, ஓட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அடுத்து வந்தவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நனைந்த தொப்பி, இறுகிப் பிடித்த ஜெக்கட். கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து, மூன்று மில்லி சிரிஞ்ச் பத்துக் கேட்டான். எதற்கென்று கேட்டேன். ஆட்டுக்கு ஊசி போட என்றான். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவும், "ஒங்ககிட்ட மறைச்சு என்னா ஆகப்போகுது அண்ணே" என்று போனை எடுத்துக் காட்டினான். மஞ்சள் எண்ணெய் நிறைந்த ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. அதன் லேபிளில் டெஸ்டோஸ்டெரோன் என்று இருந்தது. "பயமில்லையா தம்பி?" "விட்டமின் மாதிரிதானே அண்ணே, ஜிம்முல எல்லாருமே போடுறாங்க."

பயப்படத் தேவையில்லாத அந்த அக்கா பயந்திருந்தார். பயப்பட வேண்டிய தம்பிக்குப் பயமே இல்லை. இரண்டுக்கும் காரணம் ஸ்டெரொயிட் என்ற ஒரே சொல். அதைப் பிரித்துப் பார்க்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாலு காம்பரா உள்ள லயம்

ஸ்டெரொயிட் என்பது ஒரு தனி மருந்தின் பெயர் இல்லை. ஒரே மாதிரி வடிவத்தில் கட்டப்பட்ட ஒரு பெரிய கூட்டத்துக்கு வைத்த பொதுப்பெயர்.

நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை நினைத்துப் பாருங்கள். வரிசையாகக் காம்பராக்கள், ஒட்டியபடி சுவர்கள், மேலே ஒரே தகரக் கூரை. வெளியே நின்று பார்த்தால் எல்லா லயமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஒரு லயத்தில் மேளக்காரர் குடும்பம், இன்னொன்றில் கொழுந்துக்காரர், இன்னொன்றில் பெக்டரி வேலைக்காரர். கட்டடம் ஒன்று, செய்யும் வேலை வேறு. ஸ்டெரொயிட்டும் இப்படித்தான். கார்பன் அணுக்களால் ஆன நான்கு வளையங்கள் ஒட்டி நிற்கும் கட்டடம் அது. அந்த நான்கு காம்பராவும் எல்லாவற்றிலும் உண்டு. வாசலில் எதைத் தொங்கவிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை தலைகீழாக மாறிவிடும்.

நாம் பயந்து பேசும் கொலஸ்ட்ரோலும் இந்த நாலு காம்பராக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதிலிருந்துதான் உடம்பு தன் ஸ்டெரொயிட் ஓமோன்களைச் செய்துகொள்கிறது. ஓமோன் என்றால், ஓர் உறுப்பில் உண்டாகி இரத்தத்தோடு போய் வேறோர் உறுப்புக்கு வேலை சொல்லும் பொருள். அந்த அக்காவின் உடம்பிலும் அந்தப் பையனின் உடம்பிலும் இந்த நிமிடம் ஸ்டெரொயிட் ஓடுகிறது. உங்கள் உடம்பிலும்தான்.

இரண்டு குடும்பத்தைக் கலக்காதீர்கள்

மருந்தாக நாம் அடிக்கடி கேள்விப்படுபவை இரண்டு குடும்பங்கள்.

ஒன்று கோர்டிகோஸ்டெரொயிட். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அதைப் பார்த்துச் செய்த மருந்துகள் இவை. வீக்கத்தையும் அழற்சியையும் அடக்குவதுதான் இவற்றின் வேலை. பிரெட்னிசொலோன் குளிசை, தோலில் பூசும் ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீம், பழுப்பு இன்ஹேலரில் இருக்கும் பெக்லோமெதசோன் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றால் தசை வளராது. குளிசையாக நீண்டகாலம் எடுத்தால் தசை மெலியத்தான் செய்யும்.

மற்றது அனபொலிக் ஸ்டெரொயிட். ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோனும், அதைப் பார்த்துச் செய்த செயற்கைப் பொருட்களும். அனபொலிக் என்றால் 'கட்டியெழுப்புகிற' என்று அர்த்தம். ஜிம்மில் 'ஜூஸ்', 'டெஸ்டோ', 'டெக்கா', 'டயனா' என்ற பெயர்களில் புழங்குவது இந்தக் குடும்பம்.

இன்ஹேலர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மூடுபனியும் குளிரும் விறகுப் புகையும் சேர்ந்த நம் ஊரில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்கு அதுதான் காவல். நீல இன்ஹேலர் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் திறந்து விடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது பழுப்பு. ஒரு நாளைக்கு உள்ளே போகும் மருந்து சில நூறு மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதாவது ஒரு சீனிப் பருக்கையின் எடை அளவுதான் பேச்சு, அதிலும் இரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். பாவித்தபின் வாயைக் கொப்பளிக்க வேண்டும், கிளினிக்கில் பிள்ளையின் உயரத்தை அளந்து வரவேண்டும். நீண்டகாலம் குளிசையாக எடுப்பவர்களுக்குச் சீனி, பிரஷர், எலும்பு என்று கவனிக்க நிறைய இருக்கிறது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஆனால் இன்ஹேலரை அந்தக் குளிசைகளோடு சேர்த்துப் பயப்படுவதற்கு நியாயமே இல்லை. அந்த அக்கா அடுத்த வாரம் வந்து பழுப்பு இன்ஹேலரை வாங்கிப்போனார். பையன் மூன்று நாள் வார்டில் இருந்திருக்கிறான்.

இந்தக் குழப்பம் தோட்டத்து லயத்தோடு நிற்கவில்லை. 2011 உலகக் கிண்ணத்தின்போது நம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து கண்டுபிடிக்கப்பட்டு மூன்று மாதத் தடை வந்தபோது, "ஸ்டெரொயிட் போட்டு அடிச்சிருக்கான்" என்று டவுனெல்லாம் பேச்சு. அவர் உடம்பில் இருந்தது பிரெட்னிசோனும் பிரெட்னிசொலோனும். தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தின் வழியாக வந்தது அது. போட்டி நேரத்தில் குளிசையாகவோ ஊசியாகவோ எடுக்கத் தடையிருப்பதால் தண்டனை கிடைத்தது. தசை வளர்க்கும் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஸ்டெரொயிட் ஒரு பெரிய கூட்டம். அதில் இழுப்புக்கும் தோலுக்கும் தருவது ஒரு குடும்பம், தசைக்குப் போடுவது வேறு குடும்பம். இனி இந்தக் கட்டுரையில் ஸ்டெரொயிட் என்று எழுதினால் இரண்டாவது குடும்பத்தைத்தான் சொல்கிறேன். புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும் இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவை உணவைச் சேர்ந்தவை.

தசை எப்படி வளர்கிறது

கவ்வாத்து வெட்டிய தேயிலையைப் பார்த்திருப்பீர்கள். கத்தி பட்ட இடத்திலிருந்துதான் புதுத் துளிர் கிளம்பும். பாரம் தூக்கும்போது தசை நார்களில் மிக நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன, நார்கள் இழுபடுகின்றன. பிறகு நாம் தூங்கும்போது உடம்பு அவற்றைச் சரிசெய்து, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் தடிப்பாகக் கட்டுகிறது. கட்டுவதற்குப் புரதம் வேண்டும். எவ்வளவு கட்டலாம் என்று உத்தரவு கொடுப்பவர்களில் முக்கியமானவர் டெஸ்டோஸ்டெரோன். அது தசைக் கலத்துக்குள் நுழைந்து, தனக்கென்று இருக்கும் ஒரு பூட்டில் சாவிபோலப் பொருந்தி, புரதம் செய்யும் வேலையை முடுக்கிவிடும்.

வளர்ந்த ஓர் ஆணின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 முதல் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் செய்கிறது. ஜிம் ஊசியில் போவது அதைப்போலப் பல மடங்கு.

"அதெல்லாம் வேலை செய்யாது" என்று தம்பிமாரிடம் பொய் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன் கண்ணாடியில் பார்க்கிறான், வேலை செய்வது தெரிகிறது. ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 43 ஆண்கள் பங்கெடுத்தார்கள். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஊசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 10 வாரம் கழித்து, ஊசியும் போட்டு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பைச் சேர்க்காத உடல் எடை ஏறத்தாழ 6 கிலோ கூடியிருந்தது. வெறும் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. ஊசியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கே 3 கிலோ கூடியிருந்தது.

ஆகவே வேலை செய்கிறது. அந்த 10 வாரமும் டொக்டர்கள் பக்கத்தில் நின்று இரத்தம் பார்த்தார்கள், பங்கெடுத்தவர்கள் முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், மருந்து தரமானது. நம் ஜிம்மில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒரு 'கோர்ஸ்' முடிய இன்னொன்று, ஒரு மருந்தோடு இரண்டு மருந்து என்று வருடக்கணக்கில் போகிறது.

ஏன் போடுகிறார்கள்

'அழகு காட்டத்தான்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் பிள்ளைகள் பலருக்குக் கொழும்பில் கிடைக்கும் வேலை செக்கியூரிட்டி, ஸ்டோர்ஸ், ஹோட்டல். ஆளைப் பார்த்ததும் வாட்டசாட்டமாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள், சில இடங்களில் அது உண்மையும்கூட. இன்னும் ஒன்று உண்டு. கூடை சுமந்து கழுத்து இறங்கிய அம்மா, தேயிலைக்கு மருந்து அடித்து முதுகு வளைந்த அப்பா, இவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். சொந்தக் காணி இல்லை, சொந்த வீடு இல்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருப்பது உடம்பு ஒன்றுதான். அதை நிமிர்த்தி நிறுத்த ஆசைப்படுவதில் என்ன குற்றம்? அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதைக் காசாக்கப் பார்க்கும் ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மற்றக் காரணங்களும் உண்டு. போனில் தினமும் வந்து விழும் உடம்புகள். அந்த உடம்புகளில் எது மருந்து, எது வெளிச்சம், எது வடிகட்டிய படம் என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. வருடத்துக்கொருமுறை வரும் போட்டி. திருவிழாவுக்கு முன் மூன்று மாதத்தில் 'ஏத்த' வேண்டும் என்ற அவசரம். "நானும் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்லும் ஜிம் அண்ணன். இந்தக் கடைசி ஆள்தான் எல்லாரையும்விடப் பலமானவர், ஏனென்றால் அவர் கண்முன்னே நிற்கிறார்.

சிலருக்கு இது ஒரு மனக் கோளாறாகவே இருக்கும். எவ்வளவு பெருத்தாலும் கண்ணாடியில் ஒல்லியாகவே தெரிவார்கள். கை அளவெடுக்காமல் ஒரு நாள் போகாது, ஒரு நாள் ஜிம் தவறினால் தூக்கம் வராது. சாப்பிடாமல் எலும்பாகி, அப்போதும் 'நான் குண்டு' என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் மறுபக்கம் இது. இவர்களுக்குத் தேவை மனநல டொக்டர். திட்டுவதால் ஒன்றும் ஆகாது.

வெளிக் கொழுந்து வந்தால் பெரட்டில் ஆளில்லை

இப்போது உள்ளே நடக்கும் விஷயம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மலையில் எவ்வளவு கொழுந்து, பெக்டரிக்கு எவ்வளவு வேண்டும் என்று துரை பார்க்கிறார். கணக்கப்பிள்ளையிடம் சொல்கிறார். கணக்கப்பிள்ளை பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார். பெக்டரி நிரம்பினால் மறுநாள் ஆள் குறையும், காய்ந்தால் ஆள் கூடும். உடம்பில் துரையின் இடத்தில் இருப்பது மூளையின் அடிப்பாகத்திலுள்ள பரிவகக்கீழ். கணக்கப்பிள்ளை, அதற்குக் கீழே கடலை அளவில் தொங்கும் கபச்சுரப்பி. வேலைக்காரர் விதைகள். டெஸ்டோஸ்டெரோன் செய்வதும் விந்தணு உண்டாக்குவதும் இவர்களுடைய வேலை. இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் கூடினால் மேலிருந்து வரும் உத்தரவு குறையும், குறைந்தால் கூடும்.

இப்போது வெளிக் கொழுந்து லொறி லொறியாக வந்து பெக்டரியில் கொட்டுகிறது என்று வையுங்கள். துரை பார்க்கிறார், பெக்டரி நிரம்பி வழிகிறது. நாளைக்கு ஆள் வேண்டாம் என்கிறார். மறுநாளும் வேண்டாம். பெரட்டில் ஒருவருக்கும் பேர் விழவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனால் வேலைக்காரர் என்ன செய்வார்? கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுவார். ஒரு நாள் லொறி நின்றுவிடுகிறது. பெக்டரி காலி. மலையில் பறிக்க ஆளும் இல்லை.

ஊசி போடுபவனின் விதைகளுக்கு நடப்பது இதுதான். வேலையில்லாமல் அவை சுருங்குகின்றன, கையால் தொட்டாலே தெரியும் அளவுக்கு. விந்தணு உண்டாவது குறைந்து, பலருக்கு ஒன்றுமே இல்லாமல் போகிறது. ஊசிதான் போடுகிறோமே, விந்தணுவுக்கு அது போதாதா என்று அந்தத் தம்பி கேட்டான். போதாது. விந்தணு உண்டாக விதைக்குள்ளேயே மிக அதிக அளவில் டெஸ்டோஸ்டெரோன் இருக்க வேண்டும். இரத்தத்தில் சுற்றுவது அந்த அளவுக்கு உள்ளே சேராது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை: உலக சுகாதார நிறுவனம் 1990களில் டெஸ்டோஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம். பெரும்பாலானவர்களுக்கு விந்தணு உண்டாவது நின்றது. 'ஆம்பளத்தனம் கூடும்' என்று விற்கப்படும் ஊசி, பிள்ளை உண்டாகாமல் தடுக்கும் மருந்தாகப் பரீட்சித்துப் பார்க்கப்பட்ட ஒன்று.

நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் பழைய நிலைக்கு வரும். சில மாதம் ஆகலாம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். எவ்வளவு அதிகம், எவ்வளவு காலம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. கல்யாணமாகி நாலு வருடம் பிள்ளையில்லாமல், மனைவியை மட்டும் கோவில் கோவிலாகவும் கிளினிக் கிளினிக்காகவும் அலையவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கணவன் எத்தனை கோர்ஸ் போட்டிருந்தான் என்று கடைசிவரை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவளை மலடி என்று சொன்ன வாய்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறுவதில்லை.

சுருக்கினால்: வெளியிலிருந்து ஓமோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். ஊசி நின்றபின் ஒரு வெற்றுக்காலம் வரும். அந்த வெற்றுக்காலத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடி ஊசிக்குப் போகிறார்கள்.

இருதயமும் ஒரு தசை

கைத்தசைக்குப் போகும் உத்தரவு கைக்கு மட்டும் என்று முகவரி எழுதி வருவதில்லை. இருதயத்திலும் அதே பூட்டு இருக்கிறது.

கை பருத்தால் நல்லது, இருதயச் சுவர் பருத்தால் கெட்டது. சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே இரத்தம் நிறைவதற்கு இடம் குறையும், சுவர் விறைக்கும், காலப்போக்கில் இரத்தத்தைத் தள்ளும் பலமும் குறையும். நல்ல கொலஸ்ட்ரோல் சடாரென்று கீழே விழும், குளிசையாக எடுக்கும் ஸ்டெரொயிட்டில் இது இன்னும் மோசம். கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறும். குழாய்களில் கொழுப்புப் படியும். பிரஷர் கூடும்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. டெஸ்டோஸ்டெரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். அளவோடு என்றால் பரவாயில்லை, அளவு மீறினால் இரத்தம் தடிக்கும். சாயத்தண்ணி மாதிரி ஓட வேண்டியது பாகு மாதிரி ஆனால் எப்படி இருக்கும்? தடித்த சுவர், ஒடுங்கிய குழாய், பாகு இரத்தம். முப்பது வயதில் மாரடைப்பு வருவதற்கும் மூளையில் இரத்தம் உறைவதற்கும் இதுவே வழி. இதில் கொடுமை என்னவென்றால், கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. நோவாது. ஆள் முன்னெப்போதையும்விட ஆரோக்கியமாகத் தெரிவான். ஜிம் அண்ணன் சொல்லும் "ஒண்ணும் ஆகல" என்பதற்கு அர்த்தம், அவர் இன்னும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

மற்றவை

ஈரல்: ஊசியைவிடக் குளிசை மோசம். வாய்வழி போகும் மருந்தை ஈரல் உடனே உடைத்துவிடும் என்பதால், உடையாதபடி மாற்றித்தான் டயனபோல், ஸ்டனோஸோலோல் போன்றவற்றைச் செய்தார்கள். உடைக்க முடியாத ஒன்றோடு தினமும் போராடும் ஈரலில் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வரலாம், இரத்தம் நிறைந்த பைகளும் கட்டிகளும் உண்டாகலாம். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடித் தங்கம் வென்று, மூன்றாம் நாளே அதைப் பறிகொடுத்த பென் ஜோன்சனின் உடம்பில் இருந்தது இந்த ஸ்டனோஸோலோல்தான்.

மார்பு: அளவுக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பு பெண் ஓமோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அதனால் ஆணுக்கு மார்பு வளரும். ஒருமுறை நன்றாக வளர்ந்துவிட்டால் சத்திரசிகிச்சையால்தான் போகும். அந்தத் தம்பி அன்று ஜெக்கட்டுக்குள் இரண்டு டீசேர்ட் போட்டிருந்தான். குளிருக்கு என்று நினைத்தேன். "நெஞ்சுக் காம்புக்குக் கீழ கட்டி மாதிரி இருக்குண்ணே, தொட்டா வலிக்குது" என்று போகும்போதுதான் சொன்னான். ஆற்றில் குளிக்கப் போவதை நிறுத்தி இரண்டு மாதமாம். காட்டுவதற்காக வளர்த்த உடம்பை மூடி மறைத்துக்கொண்டு நின்றான்.

முகத்திலும் முதுகிலும் கொப்புளம், பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது சீக்கிரமே வருவது, தசை வளர்ந்த வேகத்துக்குத் தசைநாண் வளராமல் அறுந்துபோவது, இவையும் உண்டு. பெண்கள் எடுத்தால் குரல் தடிக்கும், முகத்தில் முடி வளரும், மாதவிடாய் குழம்பும். தடித்த குரல் நிறுத்தினாலும் திரும்பாது. பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு நட்டம்: எலும்பு வளரும் முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்வதால், உயர வேண்டியவன் உயராமலே நின்றுவிடுவான்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது

டெஸ்டோஸ்டெரோன் ஓர் உண்மையான மருந்துதான். விதைகள் வேலை செய்யாதவர்களுக்கும், பருவமடைவது மிகவும் தாமதிக்கும் பையன்களுக்கும் டொக்டர் எழுதித் தருவார். அந்தத் துண்டு இல்லாமல் பாமசியில் கொடுக்கக்கூடாது. ஜிம் பேக்கில் வருவது அந்த வழியாக வருவதில்லை. லேபிளில் ஒன்று, உள்ளே ஒன்று. அளவு குறைவாக இருக்கும், கூட இருக்கும், மாட்டுக்கும் குதிரைக்கும் செய்தது இருக்கும், சில நேரம் வெறும் எண்ணெயே இருக்கும். சுத்தமில்லாமல் அடைத்த எண்ணெய் தசைக்குள் போனால் சீழ்க்கட்டி. ஒரே ஊசியையோ ஒரே புட்டியையோ இரண்டு பேர் பங்கிட்டால் எச்ஐவியும் ஈரல் அழற்சி பீ, சீ இரண்டும் தொற்றலாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குடும்பம் போட்டி நாளில் மட்டுமின்றி எல்லாக் காலத்திலும் தடை. இலங்கையில் அதற்கென்று 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் ஊக்கமருந்துக்கு எதிரான முகவர் நிலையமும் இருக்கின்றன. 'எனக்குத் தெரியாமல் பவுடரில் கலந்திருந்தது' என்பது தண்டனையைக் குறைக்கலாம், பெரும்பாலும் தப்ப விடாது.

நிறுத்துவது எப்படி

ஸ்டெரொயிட் போடுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைவிட முடியாத நிலைக்குப் போகிறார் என்று மதிப்பிடப்படுகிறது. மதுவைப்போல உடனே போதை தருவதில்லை என்பதால் இதை யாரும் அடிமைத்தனமாகக் கருதுவதில்லை. போடும் காலத்தில் சிலருக்குக் கோபம் தலைக்கேறும், வீட்டில் கை நீளும். நிறுத்திய வாரங்களில் நேர்மாறு: நான் மேலே சொன்ன வெற்றுக்காலம். சோர்வு, ஆசையின்மை, தூக்கமின்மை, வளர்ந்த தசை கண்ணெதிரே வடிவது, அதனால் வரும் ஆழ்ந்த மனச்சோர்வு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் சிலருக்கு வரும். அப்படி வந்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது. வீட்டார் இந்தக் காலத்தில் "எவ்வளவு செலவழிச்ச" என்று கணக்குக் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ்.

டொக்டரிடம் மறைக்காதீர்கள். என்ன போட்டேன், எவ்வளவு, எத்தனை மாதம் என்று சொன்னால்தான் அவர் சரியான பரிசோதனை எழுத முடியும்: பிரஷர், கொலஸ்ட்ரோல், ஈரல், இரத்தத்தின் தடிப்பு, ஓமோன், தேவைப்பட்டால் இருதயத்துக்கு ஈசீஜியும் எக்கோவும். பொலிசுக்குச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் சும்மா 'களைப்பா இருக்கு' என்று மட்டும் சொல்லி விட்டமின் குளிசையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று நிறுத்துவதா, மருந்தோடு நிறுத்துவதா என்பதையும் அவரே சொல்லட்டும். ஜிம் அண்ணன் தரும் 'கிளியர் பண்ற' குளிசைகள் இன்னொரு கடையின் வியாபாரம்.

அன்று நான் அந்தத் தம்பிக்குச் சிரிஞ்ச் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் இன்னொருவன் ஊசியைக் கடன் வாங்குவான் என்று தெரியும். கொடுக்கும்போது இங்கே எழுதியதில் பாதியைச் சொன்னேன். அவன் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நவம்பரில் ஒரு சாயந்திரம் வந்தான். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. கையில் கிளினிக் துண்டு.

"டொக்டரு காலையிலேயே ரத்தம் குடுக்கச் சொன்னாரு அண்ணே. ஏன் காலையில?"

டெஸ்டோஸ்டெரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், அதனால் அந்த நேரத்து அளவை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, தன் தோட்டத்திலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு, லேப் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டான்.